வீட்டுக் கணக்கு: வந்த பணமெல்லாம் வருமானமா?

உங்களில் பலர் இந்தப் பத்திரிகைக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருப்பீர்கள். ஒரே தடவையாகப் பணத்தைக் கட்டிவிட்டு, வாரா வாரம் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். போன வாரம் தொடர்கதையில் ரயிலேறிய கதாநாயகி இந்த வாரம் இறங்கினாளா இல்லையா என்று தெரியாமல் அடுப்பு வேலை ஓடாது. நல்லது. இப்பொழுது ஒரு கேள்வி. 52 வாரத்துக்கு நீங்கள் கட்டிய பணம் பத்திரிகை ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்ததே, அன்றைக்கே அது முழுவதும் அவர்களுடைய வருமானம் ஆகிவிட்டதா?

"இதில் என்ன சந்தேகம்? கொடுத்தாயிற்று, வாங்கியாயிற்று" என்பீர்கள். நானும் போன வருஷம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அண்ணியின் நாலு வளையல்கள் இரண்டாம் தடவையாக அடகுக் கடைக்குப் போன பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று.

எங்கள் மத்தூர் கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் போச்சம்பள்ளிச் சந்தை, கோடை வந்தால் மாங்காய் லாரி, மற்ற நாளெல்லாம் ஓசூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் என்று எங்கள் பக்கத்துக் காலண்டர் ஓடுகிறது. என் அண்ணன் மகனும் அப்படி ஓசூருக்குப் போய் வந்தவன்தான். ஒரு சின்னப் பட்டறையில் கணக்கெழுதும் உத்தியோகம். பெரிய வண்டிக் கம்பெனிகளுக்காக இரும்பைக் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் அங்கே ஏராளம். எந்தச் சரக்கு எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது, கடைந்து எத்தனை திரும்பிப் போயிற்று, எத்தனை வீணாயிற்று என்று நோட்டில் எழுதி எழுதி அவனுக்குக் கை சலித்துவிட்டது. ஒரு சிநேகிதனைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கணக்குக்கென்றே ஒரு மென்பொருள் எழுதினான்.

இந்தக் காலத்தில் மென்பொருளை யாரும் புடவை வாங்குவது போல ஒரே விலை கொடுத்து வாங்குவதில்லை. வீட்டு வாடகை போல மாதா மாதமோ வருஷா வருஷமோ பணம் கட்டி உபயோகிக்கிறார்கள். 1999-இல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் ஆரம்பித்த சேல்ஸ்போர்ஸ் என்ற கம்பெனி இந்த வழியைப் பிரபலமாக்கிற்று. படம் வரைகிறவர்களும் புகைப்படக்காரர்களும் நம்பியிருந்த அடோபி கம்பெனியும் 2013-இல் தட்டில் பதித்து விற்பதை விட்டுச் சந்தாவுக்கு மாறிற்று. நம் பையனும் அதே வழியில் போனான். மாதத்துக்கு 1,000 ரூபாய். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 10,000 ரூபாய், அதாவது இரண்டு மாதம் இலவசம்.

போன வருஷம் ஏப்ரலில் 40 பட்டறைக்காரர்கள் வருஷச் சந்தா கட்டினார்கள். ஆளுக்கு 10,000 ரூபாய், மேலே 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வங்கிக் கணக்கில் 4,72,000 ரூபாய் வந்து விழுந்தது. அவன் உத்தியோகத்தை விட்டான். செல்போனில் அந்தத் தொகையை அண்ணி என்னிடம் காட்டியபோது அவள் கை நடுங்கிற்று. "பார்த்தாயா, என் பிள்ளை லட்சாதிபதி ஆகிவிட்டான்" என்றாள்.

பிள்ளையும் நல்ல பிள்ளை. பணம் வந்ததும் முதல் காரியமாக, தங்கையின் நர்ஸிங் படிப்புக்காக அடகு வைத்திருந்த அம்மாவின் வளையல்களை 1,00,000 ரூபாய் கட்டி மீட்டு வந்தான். அண்ணி அவற்றைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். கம்ப்யூட்டர், மேஜை, நாற்காலிக்கு 50,000 ஆயிற்று. ஆடிட்டர் சொன்னபடி மே மாதம் 20-ஆம் தேதிக்குள் வரி 72,000 ரூபாயையும் கட்டிவிட்டான். மீதி 2,50,000. இரண்டு பையன்களை ஆளுக்கு 15,000 சம்பளத்தில் வேலைக்கு வைத்தான். ஆபீஸ் வாடகை 5,000. மென்பொருள் ஓடுவதற்கு எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு வாடகை 8,000. ஆக, மாதச் செலவு 43,000.

நீங்கள் இப்பொழுதே மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆகஸ்டு வரை ஐந்து மாதம் சம்பளமும் வாடகையும் போக, கையில் 35,000 ரூபாய் இருந்தது. செப்டம்பர் கடைசியில் 43,000 வேண்டும். அதற்கு மேல் ஆறு மாதம் இருக்கிறது. 40 பட்டறைக்காரர்களும் மார்ச் வரைக்கும் பணம் கட்டியாயிற்று. அவர்களிடம் ஒரு பைசா கேட்க முடியாது. ஆனால் மார்ச் வரைக்கும் அவர்களுக்கு மென்பொருள் ஓடியாக வேண்டும்.

ஒருநாள் ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். "அத்தை, நான் யாரையும் ஏமாற்றவில்லை. ஊதாரித்தனம் பண்ணவில்லை. பணம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை" என்றான்.

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவள் இல்லை. ஆனால் முப்பது வருஷமாக ஒரே சம்பளத்தை முப்பது நாளுக்கு நீட்டியவள். ஒரு நோட்டை எடுத்து வரச் சொன்னேன். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'சம்பாதித்தது', வலது பக்கம் 'பட்ட கடன்'. ஏப்ரல் முதல் தேதி சம்பாதித்தது ஒன்றுமில்லை. 4,00,000 ரூபாயும் கடன். பணத்தால் தீர்க்கும் கடன் அல்ல, வேலை செய்து தீர்க்க வேண்டிய கடன். ஒரு மாதம் ஒழுங்காகச் சேவை செய்தால் 33,333 ரூபாய் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு வரும். அதுதான் அவனுடைய மாத வருமானம். செலவோ 43,000. முதல் மாதத்திலிருந்தே மாதம் 9,667 ரூபாய் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தான். வங்கியில் பணம் நிறைய இருந்ததால் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

"அப்படியானால் அம்மாவின் வளையலை மீட்டது...?" என்று நிறுத்தினான்.

"பட்டறைக்காரன் பணத்தில் மீட்டாயடா" என்றேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமே என்று இருந்தது.

மறுநாள் அண்ணி தானே வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். இந்தத் தடவை 60,000 ரூபாய்க்கு மட்டும் வைத்தார்கள். "இரும்பு கடைகிறவன் வேலை நின்று போனால் பாவம் அல்லவா? கை வெறுமையாக இருந்தால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது" என்றாள். அவள் அப்படிச் சொன்னதைத்தான் பையனால் தாங்க முடியவில்லை.

நான் நோட்டில் போட்ட கோடு என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. உலகம் முழுவதும் பெரிய கம்பெனிகள் இப்படித்தான் கணக்கெழுத வேண்டும் என்று சட்டதிட்டமே இருக்கிறது. நம் தேசத்திலும் 2018 ஏப்ரல் 1 முதல் பெரிய கம்பெனிகளுக்கு இதே தத்துவத்தில் புதிய கணக்கு விதி அமலுக்கு வந்திருக்கிறது. முன்கூட்டி வாங்கிய சந்தாவைக் கடன்கள் இருக்கும் பக்கத்தில் எழுதி, சேவை நடக்க நடக்கத்தான் வருமானமாக மாற்ற வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: வரி மட்டும் இந்தத் தவணைக்குக் காத்திருப்பதில்லை. சேவைக்கான முன்பணம் வந்தால் ஜி.எஸ்.டி. முழுவதும் அப்பொழுதே கட்டியாக வேண்டும். ஆகையால் அந்த 18 சதவிகிதத்தைத் தொடவே கூடாது. அண்டை வீட்டுக்காரி ஊருக்குப் போகும்போது நம்மிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவது போலத்தான் அது.

இது ஏதோ மத்தூர்ப் பையன் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். இந்தச் சந்தா வியாபாரத்தில் நம் சென்னைப் பட்டணம் பெரிய பெயர் எடுத்திருக்கிறது. திருச்சியிலிருந்து வந்த கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் குடித்தனம் மாறி வந்தபோது, கப்பலில் வந்த டெலிவிஷன் பெட்டி உடைந்திருந்தது. இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு எழுதி எழுதிப் பார்த்தும் பயனில்லை. கடைசியில் பத்துப் பேர் பார்க்கும்படி இணையத்தில் எழுதினார். உடனே மன்னிப்பும் வந்தது, பணமும் வந்தது. வாடிக்கைக்காரர்களின் குறைகளைக் கேட்டு ஒழுங்காகப் பதில் சொல்ல ஒரு மென்பொருள் இருந்தால் என்ன என்ற யோசனைக்கு அது ஒரு விதை.

2010-இல் அதே மாதிரி மென்பொருள் விற்றுவந்த ஜென்டெஸ்க் என்ற கம்பெனி திடீரென்று சந்தாவை ஒரேயடியாக உயர்த்திற்று. வாடிக்கைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அந்தக் கம்பெனி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பழையவர்களுக்குப் பழைய விலையே என்று இறங்கி வந்தது. அந்தச் சந்தடியைப் பார்த்துத்தான் அதே வருஷம் கிரீஷும் ஷான் கிருஷ்ணசாமியும் சென்னையில் பிரெஷ்டெஸ்க் ஆரம்பித்தார்கள். பிறகு பிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனி 2021 செப்டம்பர் 22-ஆம் தேதி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறிற்று. அவ்வளவு பெரிய கம்பெனியின் கணக்கிலும், முன்கூட்டி வந்த சந்தா கடன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. நம் நோட்டில் போட்ட அதே கோடு!

ஒன்று கவனியுங்கள். பங்குச் சந்தைக்கு வந்த 2021-லும் அந்தக் கம்பெனி நஷ்டத்தில்தான் இருந்தது. இந்தத் தொழிலில் அது அதிசயமில்லை. ஒரு வாடிக்கைக்காரரைப் பிடிக்க முதலில் செலவழிக்க வேண்டும்; அவர் கொடுக்கும் சந்தா சிறுகச் சிறுக வரும். நம் பையன் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டறைக்கு மூன்று நடை போய், சொல்லிக் கொடுத்து, சேர்ப்பதற்குள் 3,000 ரூபாய் ஆகிறது. வருஷச் சந்தாவை மாதமாகப் பிரித்தால் 833 ரூபாய். அதில் கம்ப்யூட்டர் வாடகை, டெலிபோன் உதவி என்று 250 போனால் மீதி 583. போட்ட 3,000 திரும்பி வர ஐந்து மாதம் தாண்டிவிடும். அதற்கு முன்பே ஒருவர் விலகினால் அவரால் நஷ்டம்தான். பெரிய கம்பெனிகளுக்கு இந்த இடைவெளியை நிரப்ப முதலீட்டாளர் பணம் கொடுக்கிறார். நம் வீட்டில் அண்ணியின் வளையல்தான் முதலீட்டாளர்.

வெளியார் பணமே வேண்டாம் என்று இருந்தவர்களும் உண்டு. ஜோஹோ கம்பெனி 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிற்று. 2009-இல் பெயரை மாற்றிக்கொண்டது. ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சரக்கில் வந்த லாபத்தைப் போட்டே அடுத்த சரக்கை வளர்த்தார்கள். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை கிராமத்தில் அவர்கள் ஆபீஸ் நடத்துவதை அறிவீர்கள். வரவுக்குத் தகுந்த செலவு என்று நம் பாட்டிமார் சொன்னதை இந்தத் தொழிலிலும் நடத்திக் காட்டலாம் என்பதற்கு அது சாட்சி. இன்னொரு கம்பெனி சார்ஜ்பீ. 2011-இல் சென்னையில் நாலு நண்பர்கள் ஆரம்பித்தது. மற்றக் கம்பெனிகளின் சந்தாவை வசூலித்து, பில் போட்டு, கணக்குப் பார்ப்பதே அதன் தொழில். சந்தா வசூலிப்பது அவ்வளவு தொந்தரவு பிடித்த வேலை!

தொந்தரவு என்ன என்று பையன் இந்த வருஷம் கண்டுகொண்டான். ஏப்ரலில் 40 பேரில் 34 பேர்தான் புதுப்பித்தார்கள். விட்டுப் போன ஆறு பேரையும் தேடிப்போய் விசாரிக்கச் சொன்னேன். இரண்டு பேர் பட்டறையை மூடிவிட்டார்கள். ஒருவருக்கு மென்பொருள் பிடிக்கவில்லை. மற்ற மூன்று பேர், "அடடே, தேதி முடிந்துவிட்டதா? யாரும் சொல்லவில்லையே!" என்றார்கள். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை, ஞாபகம்தான் இல்லை. கார்டின் தேதி முடிந்திருக்கும், கணக்கில் அன்றைக்குப் பணம் இருந்திராது. இப்படி ஓசைப்படாமல் உதிர்கிறவர்களை, ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் மரியாதையாக ஞாபகப்படுத்தினாலே பாதிப் பேரைக் காப்பாற்றலாம்.

உதிர்வதைச் சின்னக் கணக்கு என்று நினைக்காதீர்கள். மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று பேர் விலகினால், வருஷக் கடைசியில் நூறு பேர் 69 ஆகிவிடுவார்கள். ஐந்து பேர் விலகினால் 54. ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் நிற்கிற கதைதான்.

இதுவரை சொன்னது சந்தா வாங்குகிறவர்கள் பாடு. கட்டுகிறவர்கள் நாம் அல்லவா? சினிமா பார்க்க, பாட்டுக் கேட்க, குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க என்று வீட்டுக்கு நாலு சந்தா இருக்கிறது. பணம் தானாகவே கணக்கிலிருந்து போய்விடும். நமக்குப் பாதுகாப்பாக ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டு, 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக அமல்படுத்திற்று. தானாகப் பணம் எடுப்பதற்கு முதல் தடவை நம் சம்மதத்தைச் சரிபார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தடவையும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே நமக்குச் செய்தி வர வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் நம்மைக் கேட்க வேண்டும்; 5,000 ரூபாயாக இருந்த அந்த எல்லையை 2022 ஜூனில் 15,000 ஆக்கினார்கள். கொடுத்த சம்மதத்தை எப்பொழுது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். 2020 ஜூலையில் வந்த யு.பி.ஐ. ஆட்டோபேயிலும் இந்த வசதி உண்டு. செல்போனில் பணம் கட்டும் செயலியைத் திறந்து 'ஆட்டோபே' என்ற இடத்தைப் பாருங்கள். யார் யாருக்கு நீங்கள் சாவி கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்தபோது, பேத்தி ஒரு வாரம் இலவசமாகப் படம் வரைந்து பார்த்த செயலி ஒன்று ஏழு மாதமாக மாதம் 199 ரூபாய் எடுத்துக்கொண்டிருந்தது. முன்தகவல் செய்திகள் வந்துதான் இருந்தன. விளம்பரம் என்று நினைத்து நான்தான் படிக்காமல் தள்ளிவிட்டிருக்கிறேன். 1,393 ரூபாய்! ஒரு கைத்தறிப் புடவை வாங்கியிருக்கலாம்.

சேர்வதற்கு ஒரு கதவு, விலகுவதற்கு ஒன்பது கதவு என்று வைத்திருக்கும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 13 விதமான தந்திரங்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் ஒன்று இந்தச் சந்தா வலை. விலகும் வழியை மறைத்து வைப்பதும், இலவசம் என்று சொல்லி முதலிலேயே கார்டு விவரம் கேட்டுக் கட்டாயப்படுத்துவதும் அதில் அடங்கும். யாராவது உங்களை அப்படி மடக்கினால் 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

இதை என் அண்ணன் மகனுக்கும் சொன்னேன். "உன் மென்பொருளிலிருந்து விலக விரும்புகிறவனுக்கு வழி எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். அடுத்த வாரம் முதல் பக்கத்திலேயே வைத்துவிட்டான்.

வளையல் சமாசாரத்தைச் சொல்லி முடிக்கிறேன். அக்டோபரில் ஆபீஸை விட்டுவிட்டு வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டான். ஒரு பையனுக்கு ஓசூரில் நல்ல வேலை தேடிக் கொடுத்து அனுப்பினான். தேவைக்கு மேல் எடுத்திருந்த கம்ப்யூட்டர் வாடகையை 5,000 ரூபாய்க்குக் குறைத்தான். மாதா மாதம் கட்டுகிறவர்கள் 12 பேரைப் புதிதாகச் சேர்த்தான். அவர்கள் கொடுத்தது போகத் துண்டு விழுந்ததை அடகுப் பணம் தாங்கிற்று. மார்ச் வரை ஒரு பட்டறைக்கும் ஒருநாள் கூடச் சேவை நிற்கவில்லை.

இந்த ஏப்ரலில் 34 பேர் கட்டிய 3,40,000 ரூபாய் தனிக் கணக்கில் இருக்கிறது. வரிப் பணம் அதில் சேரவில்லை. மாதம் பிறந்தால் அதிலிருந்து 28,333 ரூபாயைத்தான் எடுக்கிறான். மாதச் சந்தாக்காரர்கள் 12,000. மொத்தம் 40,333. பையன் சம்பளம் 15,000, கம்ப்யூட்டர் வாடகை 5,000. போன வருஷம் எழுத மறந்த ஒரு செலவையும் இப்பொழுது எழுதுகிறான்: தன்னுடைய சம்பளம் 15,000. ஆமாம் சகோதரிகளே, முதல் வருஷம் முழுவதும் அவன் தனக்கென்று ஒரு பைசா எழுதிக்கொள்ளவில்லை. வீட்டு வேலைக்குச் சம்பளம் எழுதாத நமக்கு அது ஆச்சரியமாக இராது! எல்லாம் போக மீதி 5,333 ரூபாய். அது அப்படியே அடகுக் கடைக்குப் போகிறது. வட்டியும் சேர்த்தால் பதின்மூன்று, பதினான்கு மாதம் ஆகும்.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும்போது அண்ணியின் கையைப் பார்த்தேன். இரண்டு கண்ணாடி வளையல்கள். "எப்பொழுது மீட்கப் போகிறானாம்?" என்று கேட்டேன்.

"வருகிற ஜூன் என்று நோட்டில் எழுதியிருக்கிறான். இந்தத் தடவை அவன் பணத்திலேயே மீட்பானாம். அதுவரை கோயிலுக்குக் கண்ணாடி வளையல் போதும்" என்றாள் அண்ணி.